ஏரிக்கரை பார்க்குக்கு குடும்பத்தோட போறீங்களா? கேஎல்ல (கோலாலம்பூர்ல) அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

ஸ்கூல் லீவு ஆரம்பிச்சா போதும், குடும்ப வாட்சாப் குரூப்புல ஒரே பேச்சு, "எங்கயாச்சும் போலாம், ஆனா மால் வேணாம்". கிள்ளான்ல இருந்து அத்தை கேப்பாங்க, ஈப்போல இருந்து சித்தப்பா பிள்ளைங்க கேக்கும், சென்னைல இருந்து டிக்கெட் போட்டுட்டு வர்ற சொந்தக்காரங்க கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்து போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி போட்டுட்டேன். கேஎல்லுக்குள்ள இருக்குற ஏரி பார்க் பத்தி மட்டும்தான் இது, பாய விரிச்சு உக்காந்து சாப்ட்டு பேசிட்டு வர்றவங்களுக்கு. ஒரே நாள்ல ஏழு இடம் பாக்கணும்னு லிஸ்ட் வச்சிருக்கவங்களுக்கு இது ஒத்து வராது.

கேள்வி: கேஎல்ல எந்த ஏரி பார்க் நல்லா இருக்கும்?

யார் யார் வர்றாங்கன்னு சொல்லுங்க, அப்புறம் சொல்றேன். பாட்டி தாத்தா, கைக்குழந்தை, தள்ளு வண்டின்னு கூட்டமா போறீங்கன்னா தித்திவங்சாதான். ஏரியை சுத்தி பாதை பெரும்பாலும் சமமா இருக்கும், மேடு ஏறி இறங்குற வேலை கம்மி, உக்காந்த இடத்துல இருந்தே கேஎல்சிசி இரட்டை கோபுரம் தெரியும், போட்டோ எடுக்குற ஆளுங்களுக்கு அது ஒண்ணு போதும். செந்தூல்காரங்களுக்கு இது வீட்டுக்கு பக்கத்து பார்க் மாதிரி, அதனால தமிழ் முகம் நிறைய பாக்கலாம், தெரிஞ்சவங்க யாராச்சும் கண்டிப்பா மாட்டுவாங்க, நல்லதா கெட்டதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

நல்ல நிழல் வேணும், பெரிய பெரிய மரம் வேணும், பிள்ளைங்க கொஞ்சம் ஓடி ஆடுற வயசுன்னா பெர்டானா. இடம் ரொம்ப பெருசு, 90 ஹெக்டருக்கு மேல, ஆனா குன்றும் பள்ளமுமா இருக்கும், முட்டி வலி உள்ளவங்களுக்கு ஏரி ஓரமா மட்டும்தான் சரிப்படும்.

பட்டம் விடணும்னா கெப்போங் மெட்ரோபாலிட்டன் பார்க். திறந்த வெளி, காத்து நல்லா அடிக்கும், சாயங்காலம் வானம் பூரா பட்டம்தான். ஆனா நிழல் கம்மி, மத்தியானம் போனா கருகிடுவீங்க. செராஸ் பக்கம் இருக்கவங்க பண்டார் துன் ரசாக்ல இருக்குற தாசிக் பெர்மைசூரிக்கு போலாம், வெளியூர்காரங்க கூட்டம் அவ்வளவா கிடையாது, சத்தம் இல்லாம இருக்கும்.

என்னைய ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னா தித்திவங்சா. பெர்டானா அழகு ஜாஸ்திதான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா குடும்பமா ரிலாக்ஸா உக்கார்றதுக்கு சமமான தரை முக்கியம்.

கேள்வி: எங்கப்பா "லேக் கார்டன்"னு சொல்றாரே, அது எது?

அது பெர்டானாதான். வயசானவங்க இன்னும் லேக் கார்டன்னுதான் சொல்வாங்க. 1888ல ஆல்பிரட் வென்னிங்னு ஒரு வெள்ளக்காரர், அப்ப சிலாங்கூர் கஜானாவ பாத்துக்கிட்டவர், இங்க ஒரு பூங்கா போடலாம்னு யோசனை சொல்லி ஆரம்பிச்ச இடம் இது. பள்ளத்தாக்குல காட்ட வெட்டி, ஓடைய மறிச்சு ஏரியாக்கி, அதுக்கு சிட்னி லேக்னு பேர் வச்சாங்க. ஆஸ்திரேலியா சிட்னி இல்ல, அப்ப இங்க ரெசிடென்ட்டா, அதாவது பிரிட்டிஷ் அதிகாரியா இருந்த சுவெட்டன்ஹாமோட மனைவி பேர் அது. 1975ல தாமான் தாசிக் பெர்டானான்னு மாத்துனாங்க, 2011ல இருந்து பெர்டானா பொட்டானிக்கல் கார்டன். வேஸ் ஆப்ல (வழி காட்டுற மேப்) இந்த பேர்ல தேடுங்க, ஏன்னா மலேசியா பூரா ஊருக்கு ஒரு லேக் கார்டன் இருக்கு, தைப்பிங்குக்கு வழி காட்டிடப் போவுது.

கேள்வி: தித்திவங்சா ஏரி இயற்கையா வந்ததா?

இல்ல, பழைய ஈயக் குட்டை. கேஎல் ஊரே ஈயத்துக்காக வந்த ஊருதானே, 1857 வாக்குல கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேர்ற இடத்துல ஈயம் தோண்ட ஆளுங்க வந்து இறங்குனதுல ஆரம்பிச்சுது. தோண்டி முடிச்சு விட்டுட்டு போன பள்ளத்துல தண்ணி தேங்கி குட்டையாச்சு, அதுல சிலதை பின்னாடி பார்க்கா மாத்துனாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, பிள்ளைங்க விஷயத்துல இது முக்கியம். கடற்கரைல, ஆத்துல எல்லாம் ஓரம் மெதுவா ஆழமாகும், கணுக்கால், முட்டி, இடுப்புன்னு. ஈயக் குட்டை அப்படி இருக்காது, மெஷின் வச்சு தோண்டுன பள்ளம், ஓரத்துலயே சட்டுன்னு ஆழம் போகும், அடில சேறு வேற. வேலி இருக்கு, போர்டு இருக்கு, ஆனா வேலி இல்லாத ஓரமும் இருக்கும். அதனால ஆறு ஏழு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க தண்ணி ஓரமா நடக்குறப்ப ஒரு பெரியவங்க தண்ணி பக்கம், பிள்ளை உள் பக்கம். "நான் பாத்துட்டுதான் இருக்கேன்"னு பாய்ல படுத்துக்கிட்டே சொல்றது பாக்குறது ஆகாது.

கேள்வி: எத்தன மணிக்கு போனா நல்லது?

காலைலதான். ஏழரை எட்டுக்கு அங்க இருக்குற மாதிரி பாத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி போயும் ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்ல ஏழு மணி தாண்டிதான் வெளிச்சமே வரும். 1982ல சபா சரவாக் நேரத்தோட ஒண்ணாக்குறோம்னு கடிகாரத்த அரை மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க, அதனாலதான் விடியறது லேட்டு, இருட்டுறதும் லேட்டு. சென்னைல இருந்து வர்றவங்க ஆறு மணிக்கே எழுந்து "என்னடா இன்னும் ராத்திரியா இருக்கு"ன்னு முழிப்பாங்க.

பத்தரை பதினொண்ணுக்கு மேல வெயில் பிச்சிடும், அப்ப மூட்டைய கட்டிடலாம். சாயங்காலம் போறதா இருந்தா அஞ்சரைக்கு மேல, மழை பெஞ்சு விட்டிருந்தா அதுதான் சொர்க்கம், தரை மட்டும் ஈரமா இருக்கும், அதுக்கு பிளாஸ்டிக் பாய் வேணும். ஏழே கால் வாக்குல இருட்டிடும். பெர்டானாவ ராத்திரி எட்டு மணிக்கு மூடிடுவாங்க, ஞாபகம் வச்சுக்கோங்க.

கேள்வி: மழை வந்தா என்ன பண்றது?

மழைய விட இடிதான் பிரச்சனை. கேஎல் சுத்து வட்டாரம் உலகத்துலயே இடி மின்னல் ஜாஸ்தியா இருக்குற இடங்கள்ல ஒண்ணு. காலைல இருந்து தரை சூடாகி, ஈரக் காத்து மேல கிளம்பி, ரெண்டு மூணு மணிக்குள்ள கருமேகம் கட்டிடும், அதனாலதான் நம்ம ஊர் மழைல பாதி மத்தியானத்துக்கு மேலதான் வருது. மார்ச் ஏப்ரல், அப்புறம் அக்டோபர் நவம்பர், இந்த மாசங்கள்ல கிட்டத்தட்ட தினமும் எதிர்பாக்கலாம்.

இடி சத்தம் காதுல விழுந்தா ஏரி ஓரத்த விட்டு கிளம்பிடணும், தூறல் விழட்டும்னு காத்திருக்க கூடாது. பெரிய மரத்துக்கு அடில ஒதுங்கறது நம்ம ஆளுங்களுக்கு பழக்கம், அதுதான் ரொம்ப ஆபத்து. அங்கங்க இருக்குற வாகாப் (உக்கார்ற கொட்டாய்) கூரை மழைக்கு தாங்கும், மின்னலுக்கு தாங்காது, நாலு பக்கமும் திறந்துதானே கிடக்கு. காடிக்குள்ள (காருக்குள்ள) போய் கதவ சாத்திட்டு உக்காருங்க, இல்ல சுவர் உள்ள கட்டடத்துக்குள்ள போங்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகட்டும், அப்புறம் வெளிய வாங்க. பெர்டானால மாட்டிக்கிட்டா பக்கத்துல பிளானட்டேரியம், மியூசியம் நெகாரா எல்லாம் இருக்கு, தித்திவங்சான்னா பாலாய் செனி நெகாரா ஓவியக் கூடம் கிட்ட இருக்கு, பிள்ளைங்களுக்கு படம் பாத்த மாதிரியும் ஆச்சு, பெரியவங்களுக்கு ஏர்கோன் கிடைச்ச மாதிரியும் ஆச்சு.

கேள்வி: புகைமூட்டம் இருந்தா போலாமா?

ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் இந்த தலைவலி, சுமத்ரா பக்கம் காடு எரிஞ்சா காத்து இங்க அடிச்சிட்டு வரும். 2015லயும் 2019லயும் ஸ்கூலயே மூடுற அளவுக்கு போச்சு. சுற்றுச்சூழல் இலாகா வெப்சைட்ல ஐபியு (காத்து மாசு அளவு) ரீடிங் போடுவாங்க. 50 வரைக்கும் நல்ல காத்து, 100 வரைக்கும் சுமார், அத தாண்டுனா ஆரோக்கியத்துக்கு கேடு. 100க்கு மேலன்னா நான் போக மாட்டேன். வீட்ல ஆஸ்துமா உள்ளவங்க இருந்தா 80லயே யோசிப்பேன். ஏரி எங்கயும் ஓடிடாது, அடுத்த வாரம் போனா போச்சு.

கேள்வி: ரயில்ல போக முடியுமா, காடி வேணுமா?

பெர்டானாவுக்கு மியூசியம் நெகாரா எம்ஆர்டி ஸ்டேஷன் இருக்கு, கேஎல் சென்ட்ரல்ல இருந்தே நடைபாதைல வந்துடலாம். அங்கருந்து மியூசியத்த தாண்டி மேல ஏறி போகணும், நல்லா நடக்குறவங்களுக்கு ஓகே, கைக்குழந்தையோட வேர்த்து விறுவிறுத்துதான் போய் சேருவீங்க. தித்திவங்சால எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் மூணும் ஒரே ஸ்டேஷன்ல சேருது, ஆனா பார்க்குக்கு அங்கருந்து கொஞ்சம் நடை. 2023 மார்ச்ல திறந்த எம்ஆர்டி ஸ்டேஷன் ஒண்ணு பெரிய ஆஸ்பத்திரி கிட்ட இருக்கு, இஸ்தானா புடாயா பக்கம் வந்து இறங்கலாம், அது கிட்ட. பாட்டி கூட வந்தா ஸ்டேஷன்ல இருந்து கிராப் டாக்ஸி போட்டுடுங்க, பிடிவாதம் பிடிக்காதீங்க.

மாசம் 50 வெள்ளி (ரிங்கிட்) பாஸ் வச்சிருக்கவங்களுக்கு ரயில் செலவே கிடையாது. நாலஞ்சு பேருக்கு மேல போறீங்க, சாப்பாட்டு பாத்திரம், ஐஸ் பெட்டி எல்லாம் இருக்குன்னா காடிதான் வசதி. ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் ஒண்ணு கவனிங்க, ஏழுல இருந்து ஒம்பது மணி வரைக்கும் டவுனுக்குள்ள சில ரோட்ட மூடி சைக்கிள் ஓட்ட விடுவாங்க, டவுன் வழியா வந்தா சுத்தி சுத்தி விடும். பார்க்கிங்குக்கு போன்ல ஆப் போட்டு வச்சுக்கோங்க, சில்லறைய தேடிட்டு நிக்காதீங்க. ரோட்டு ஓரமா ரெண்டாவது வரிசைல போட்டுட்டு போறதெல்லாம் வேணாம், சம்மன் வந்தா அந்த காசுல குடும்பமே வாழை இலை சாப்பாடு சாப்ட்ருக்கலாம்.

கேள்வி: சாப்பாடு அங்க வாங்கலாமா, கட்டிக்கிட்டு போகணுமா?

கட்டிக்கிட்டு போங்க. ஐஸ்கிரீம், தண்ணி, மைலோ மாதிரி சில்லறை சாமான் அங்க கிடைக்கும், ஆனா பத்து பேருக்கு வயித்துக்கு சாப்பாடுன்னா வீட்டு சாப்பாடுதான். கட்டுச்சோறுக்குன்னே பொறந்தது புளிச்சோறு, காலைல அஞ்சு மணிக்கு கிளறி வச்சா மத்தியானம் வரைக்கும் கெடாது, அதுக்கு தொட்டுக்க உருளைக்கிழங்கு பிரட்டலும் நெத்திலி சம்பாலும். எலுமிச்சை சோறும் பரவால்ல. தேங்கா பால் சேர்த்த எதையும் வெயில்ல வைக்காதீங்க, நாசி லெமாக்க கட்டிட்டு போனா போனதும் முதல் வேலையா பிரிச்சு சாப்ட்டுடணும், பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கட்டும்னு வச்சா வயித்த கெடுத்துக்குவீங்க. தயிர் சோறு ஐஸ் பெட்டிக்குள்ள.

சமைக்க நேரம் இல்லையா, வழில கடைல பொட்டலம் வாங்கிக்கோங்க. தித்திவங்சா போறவங்களுக்கு செந்தூல், பெர்டானா போறவங்களுக்கு பிரிக்பீல்ட்ஸ், ரெண்டும் பக்கம்தான், இட்லி வடை தோசைக்கு பஞ்சமே இல்ல. சட்னிய தனி பொட்டலமா கேளுங்க. தே தாரிக் பிளாஸ்டிக் பைல வாங்கிட்டு போனா அத எங்க நிக்க வைக்கறதுன்னு தெரியாம ஒருத்தர் கைல பிடிச்சிக்கிட்டே நிப்பாரு, பிளாஸ்க் எடுத்துட்டு போய் அதுல ஊத்தி தர சொல்லுங்க.

இன்னொண்ணு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி பத்தாது. ரெண்டு வைங்க, கை கழுவ தனியா ஒரு பெரிய பாட்டில்.

கேள்வி: குரங்கு தொந்தரவு இருக்குமா?

பெர்டானா பக்கம் இருக்கும். நீள வால் குரங்கு, மலாய்ல கெரான்னு சொல்றது. அதுக்கு பிளாஸ்டிக் பைன்னா சாப்பாடுன்னு அர்த்தம், உள்ள பேம்பர்ஸ் இருந்தாலும் சரி பிடுங்கிட்டு ஓடும், மேல மரத்துல உக்காந்து ஒண்ணு ஒண்ணா எடுத்து பாத்துட்டு கீழ போடும். அதனால சாப்பாட்ட ஜிப் வச்ச பேக்குல, இல்ல மூடி இறுக்கமா உள்ள டப்பால வைங்க. பிள்ளைங்க கைல பிஸ்கட் பாக்கெட்ட குடுத்துட்டு நடக்க விடாதீங்க. குரங்கு கிட்ட வந்தா கண்ணுக்கு நேரா முறைச்சு பாக்காதீங்க, பல்ல காட்டி சிரிக்காதீங்க, அதுக்கு அது சண்டைக்கு கூப்புடுற மாதிரி. மெதுவா பின்னாடி நகர்ந்து போங்க. அது கைல ஏற்கனவே போன பொருள திருப்பி பிடுங்க போனா கடி வாங்குவீங்க, விட்டுடுங்க.

பாவம்னு வாழப்பழம் குடுக்குறவங்களாலதான் இவ்வளவும். ஆஞ்சநேயர் பக்திய கோயில்ல வச்சுக்கலாம்.

கேள்வி: பெருசா ஒரு உடும்பு பாத்தோம், முதலையோன்னு பயந்துட்டோம்!

முதலை இல்ல, உடும்புதான், மலாய்ல பியாவாக். தண்ணில நீந்தும், கரைல வெயில் காயும், வளர்ந்தது ஒரு ஆள் நீளம் கூட இருக்கும், நாக்க நீட்டி நீட்டி மோந்துட்டு போகும். அதுவா வந்து தாக்காது. கல்ல விட்டு அடிக்கறது, குச்சியால குத்தறது, ஓடுற பக்கம் மறிச்சு நின்னு வீடியோ எடுக்கறது, இதெல்லாம் பண்ணா வாலால ஒரு வீசு வீசும். ஒதுங்கி நின்னு பாருங்க, பிள்ளைங்களுக்கு மிருகக்காட்சி சாலை டிக்கெட் மிச்சம்.

கேள்வி: பாய் எங்க விரிக்கறது, மரத்தடின்னா எந்த மரம்?

நல்ல கேள்வி, யாரும் இத கேக்க மாட்டாங்க, போய் உக்காந்த பிறகுதான் கத்துவாங்க. முதல்ல தலைய தூக்கி பாருங்க. கிளைல பச்சை இலை நாலஞ்ச சேத்து வெள்ள நூலால தைச்ச மாதிரி பந்து பந்தா தொங்குதுன்னா அது முசுறு கூடு, இங்க கெரெங்கான்னு சொல்வாங்க. அந்த செவப்பு எறும்பு கடிச்சா விடாது, கடிச்ச இடத்துல அமிலத்தையும் பீச்சும். கூடு இல்லன்னாலும் தண்டுல ஏறி இறங்குதான்னு ஒரு பார்வை பாருங்க. அப்புறம் தரைய பாருங்க, சின்ன மண் குவியல் இருந்தா வேற இடம். காஞ்ச பெரிய கிளை மேல நிக்குதா, அதுக்கு நேர் கீழ வேணாம்.

பெர்டானால தூங்குமூஞ்சி மரம் பெருசு பெருசா இருக்கு, குடை மாதிரி விரிஞ்சு, ஒரே மரத்து நிழல்ல ரெண்டு குடும்பம் தாராளமா உக்காரலாம். சாயங்காலம் இலைய மடிச்சுக்கும், மேகம் கட்டுனாலும் மடிச்சுக்கும். பிள்ளைங்ககிட்ட காட்டுங்க, ஸ்கூல் புத்தகத்துல படிக்கறத விட இது மனசுல நிக்கும்.

பாய் சொல்றேன்ல, பழைய பிளாஸ்டிக் திக்கார் அடில, மேல ஒரு மெத்து விரிப்பு. தாத்தாவுக்கு மடக்கு நாற்காலி ஒண்ணு எடுத்துக்கோங்க, தரைல உக்கார வச்சா எழுப்பறதுக்கு ரெண்டு பேர் வேணும்.

கேள்வி: கொசு?

ஏடிஸ் கொசு விடிஞ்ச ரெண்டு மணி நேரத்துலயும் பொழுது சாயுறதுக்கு முன்னாடியும்தான் ஜாஸ்தியா கடிக்கும், நீங்க பார்க்குல இருக்குற நேரமும் அதேதான். டெங்கி நம்ம ஊர்ல விளையாட்டு இல்ல. கொசு மருந்த வீட்லயே தடவிட்டு கிளம்புங்க, கணுக்காலையும் கழுத்துக்கு பின்னாடியும் விட்டுடாதீங்க, பிள்ளைங்களுக்கு நீள கால்சட்டை. கைக்குழந்தைக்கு மருந்து வேணாம், தள்ளு வண்டிக்கு வலை போடுங்க.

கேள்வி: படகு ஓட்டலாமா?

தித்திவங்சால படகு வாடகைக்கு விடுவாங்க, மிதிக்கற படகு, கயாக் மாதிரி. விலைய கவுண்டர்லயே கேட்டுட்டு ஏறுங்க. லைப் ஜாக்கெட் பக்கிள் எல்லாத்தையும் போட்டு, பிள்ளை தோள் பக்கம் பிடிச்சு தூக்கி பாருங்க, காதுக்கு மேல ஏறுனா சைஸ் பெருசு, வேற கேளுங்க. அண்ணன் தம்பி எல்லாம் சேந்து போட்டி போட்டு இன்னொரு படக இடிக்கறது வேணாம், ஏற்கனவே சொன்னேன்ல குட்டை ஆழம்னு.

நீச்சல் கிடையாது. கால நனைக்கறதும் வேணாம்னுதான் சொல்வேன், மழைத் தண்ணி ஊரெல்லாம் சுத்திட்டு இங்கதான் வந்து சேருது, எலி மூத்திரம் கலந்து வர்ற காய்ச்சல் இருக்கே அது கால்ல சின்ன காயம் இருந்தாலே ஒட்டிக்கும்.

கேள்வி: பிள்ளைங்க அரை மணி நேரத்துல போன் கேக்க ஆரம்பிச்சிடுமே?

விளையாட்டு திடல் இருக்கு, அதுல ஒரு மணி நேரம் ஓடிடும். அப்புறம் பூப்பந்து மட்டை ரெண்டு, ஒரு பந்து, சோப்பு தண்ணி ஊதற குழாய். இவ்வளவு போதும். பெரிய பசங்கன்னா கோலி, பல்லாங்குழி எல்லாம் பாட்டிகிட்ட விட்டுடுங்க, பாட்டி ஜெயிக்கற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க. பெரியவங்க முதல்ல அவங்க போன கீழ வைக்கணும், அத சொன்னா என்மேல கோவம் வரும்.

கேள்வி: பறவை பூங்கா, மியூசியம், துகு நெகாரா (தேசிய நினைவுச் சின்னம்) எல்லாம் பெர்டானா பக்கத்துலதானே, ஒரே நாள்ல முடிச்சிடலாமா?

மேப்ல பக்கம்தான். கால்ல பக்கம் இல்ல. பறவை பூங்கா மட்டும் 20 ஏக்கர், உள்ள போனா வெளிய வர மத்தியானமாகிடும், டிக்கெட்டும் சும்மா இல்ல, மைகார்டு உள்ளவங்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு விலை. அத பாக்கணும்னா அதுக்குன்னு தனியா ஒரு நாள் போங்க. மியூசியம் நெகாரா 1963ல திறந்தது, அதுக்கும் அரை நாள் வேணும்.

ஏரி, அதோட ஒரே ஒரு இடம். அதுக்கு மேல வச்சா அது அவுட்டிங் இல்ல, டூர். என்னோட ஓட்டு துகு நெகாராவுக்கு, ஏன்னா அரை மணி நேரத்துல பாத்துட்டு வந்துடலாம். 1966ல திறந்தது, 15 மீட்டருக்கு மேல உயரம், வெண்கலம், செஞ்சவர் பெலிக்ஸ் டி வெல்டன், அமெரிக்கால ஐவோ ஜிமா சிலை செஞ்சாரே அவரேதான். எமெர்ஜென்சி காலத்து (கம்யூனிஸ்ட்காரங்களோட சண்டை நடந்தப்ப, 1948ல இருந்து 1960 வரைக்கும்) கதைய தாத்தாமார் யாராச்சும் கூட வந்திருந்தா அங்க நிக்க வச்சு சொல்ல சொல்லுங்க. தோட்டத்துல முள்ளு கம்பிக்குள்ள அடைஞ்சு கிடந்தது, கார்டு காட்டிட்டு வேலைக்கு போனது, சோத்த கூட வெளிய எடுத்துட்டு போக விடாததுன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க.

கேள்வி: சென்னைல இருந்து சொந்தக்காரங்க வர்றாங்க, பத்துமலையும் பாக்கணும்னு சொல்றாங்க.

காலைல பத்துமலை, 272 படி, வெயிலுக்கு முன்னாடி ஏறி இறங்கிடுங்க. செந்தூல்ல மத்தியான சாப்பாடு. வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம், இத தவிர்த்துடாதீங்க, ரெண்டரை மணி நேர வித்தியாசத்துல அவங்களுக்கு உடம்பு அசந்து போயிருக்கும். அஞ்சரைக்கு தித்திவங்சா, விளக்கு போட்டதும் கோபுரம் தெரியும், போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னா உங்க கடமை முடிஞ்சது.

கேள்வி: தள்ளு நாற்காலில உள்ளவங்கள கூட்டிட்டு போலாமா?

தித்திவங்சாவுக்கு தைரியமா. பெர்டானால ஏரி ஓரமா ஓகே, ஆர்க்கிட் தோட்டம் பக்கமெல்லாம் சரிவு. ஓகேயு (மாற்றுத்திறனாளி) பார்க்கிங் எங்கன்னு போறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க, வெள்ளனே போங்க. ஓகேயு கழிவறைய யாராச்சும் பொருள் வைக்கற அறையா ஆக்கி வச்சிருந்தா அங்க வேலை செய்றவங்ககிட்ட சொன்னா திறந்து குடுப்பாங்க, சங்கடப்படாதீங்க.

கேள்வி: தண்டாஸ் (கழிவறை), சூராவ் (முஸ்லிம் தொழுகை அறை) எல்லாம் இருக்கா?

இருக்கு. டிஷ்யூவும் சில்லறையும் கைல வைங்க.

கேள்வி: பர்த்டே பார்ட்டி வைக்கலாமா? பார்பெக்யூ? நாய கூட்டிட்டு போலாமா?

பாய்ல உக்காந்து கேக் வெட்டுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கொட்டாய் போட்டு, மேசை நாற்காலி இறக்கி, ஸ்பீக்கர் வச்சு அம்பது பேர கூப்புடறதுன்னா டிபிகேஎல்கிட்ட (கேஎல் மாநகராட்சி) முன்கூட்டியே அனுமதி வாங்கணும். நெருப்பு போடாதீங்க. நாய் டிபிகேஎல் பார்க்குல கிடையாது. சிகரெட்டும் கிடையாது, மாமா மச்சான் யாரா இருந்தாலும்.

பலூன் விஷயம், வெடிச்ச பலூன் துண்டு, பார்ட்டி காகிதத் துகள் இதெல்லாம் புல்லுக்குள்ள போய்டும், பொறுக்கவே முடியாது, அப்புறம் மீன் வாய்ல ஆமை வாய்லன்னு போகும். வீட்லயே ஊதிக்கோங்க. பாட்டு போடறதுன்னா பக்கத்து பாய்க்கு கேக்காத அளவு, பாங்கு சொல்ற நேரத்துல நிறுத்திடுங்க, பக்கத்துல மலாய்க்காரங்க குடும்பம் உக்காந்திருக்கும், நம்ம தாய்ப்பூசத்துக்கு அவங்க எவ்வளவு ட்ராபிக் ஜேம் தாங்கிக்கறாங்க.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவாகும்?

நான் சொன்ன நாலு பார்க்குக்கும் உள்ள போக காசு இல்ல. பார்க்கிங், பெட்ரோல், பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம், படகு ஏறுனா அது. சாப்பாடு வீட்ல இருந்துன்னா அஞ்சு பேர் குடும்பம் ஒரு மால்ல ஒரு வேளை சாப்புடற காசுக்குள்ள நாள் பூரா ஓடிடும்.

கேள்வி: குப்பைக்கு தொட்டி இருக்கா?

இருக்கு, ஆனா ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் வழிஞ்சு நிக்கும், பக்கத்துல குவிச்சு வச்சா குரங்கும் காக்காவும் கிழிச்சு போட்டுடும். பெரிய கறுப்பு பை ரெண்டு எடுத்துட்டு போய், கட்டி, காடி பூட்ல போட்டு வீட்டுக்கு கொண்டு வந்துடுங்க. புளிச்சோறு மிச்சத்த மீனுக்குன்னு ஏரில கொட்டாதீங்க, சோறும் ரொட்டியும் தண்ணில அழுகி நாத்தம்தான் வரும்.

கேள்வி: பப்ளிக் ஹாலிடேல கூட்டம் எப்படி?

ஹரி ராயா, சீனப் புத்தாண்டு நேரத்துல கேஎல் பாதி காலியாகிடும், எல்லாரும் கம்போங்குக்கு பாலேக் போய்டுவாங்க, அப்ப பார்க் நமக்குதான். மெர்டேக்கா (சுதந்திர தினம்), மலேசியா தினம், வருஷ கடைசி ஸ்கூல் லீவு, இந்த நாள்ல எல்லாம் ஒம்பது மணிக்கு மேல பார்க்கிங்குக்கு சுத்திக்கிட்டே இருப்பீங்க. அந்த நாள்தான் கிடைச்சுதுன்னா ஒரு காடில நாலு பேர் பாயோட முன்னாடி போய் இடத்த பிடிச்சிடுங்க, மத்தவங்க சாப்பாட்டோட பின்னாடி கிராப்ல வரட்டும்.